தொட்டிக்குள் நின்ற படம்

என் தங்கை ஞானம்மாளிடம் பொய் சொன்னேன். இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செத்துப்போன அவள் புருஷனுடைய படம் என் பெட்டியில் இருக்கிறது; காமிராவில் படமே விழவில்லை என்று அவளை நம்பவைத்திருக்கிறேன்!

ஞாயிறு தவறாமல் கோவிலில் முழங்காலிடுகிறவன் நான். நீங்களே சொல்லுங்கள்... அந்த ஜெபம் எங்கே போய்ச் சேரும்?

ஆம்பூருக்குப் பக்கத்தில், ஆற்றோரம், நாங்கள் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பு, உலக யுத்தம் முடிந்தபின் சரக்கு வாங்க ஆளில்லாமல் மூடிக்கிடந்தது. நான் அங்கே மேஸ்திரியாக இருந்தவன். சாவியை முதலாளி என்னிடம் விட்டிருந்தார்.

பட்டணத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். பாழடைந்த இடங்களைப் படம் பிடிப்பதில் அவருக்கு ஒரு பித்து. முக்காலிமேல் பெட்டியும் கறுப்புத் துணியுமாய்க் கொட்டகை கொட்டகையாகப் புகுந்தார். வெடித்த சுண்ணாம்புத் தொட்டி, மக்கிப்போன ஆவாரம்பட்டைக் குவியல், வௌவால் தொங்கும் உத்தரம்... எல்லாம் அவருக்கு அழகாம்! எத்தனை வீட்டு அடுப்பை அணைத்த இடம் அது... அழகாம்!

படக்காரர் வந்திருக்கிறார் என்று கேட்டு என் தங்கை புருஷன் தேவசகாயம் வந்தார். அந்தச் சுண்ணாம்புத் தொட்டியிலேயே காலமெல்லாம் வெந்தவர். அன்றோ எண்ணெய் வைத்து வாரிய தலை. உபதேசியாரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு.

"இன்னா மாப்ளே, ரெண்டாங் கல்யாணமா?"

"சும்மா இரு மச்சான். ஒரு தபாவாவது மூஞ்சி நல்லா வுழணும் இல்ல?"

துரை அவரை ஏற இறங்கப் பார்த்து என்னவோ சொன்னார். கூட வந்த குமாஸ்தா என் பக்கம் திரும்பினார். "கோட்டக் கழட்டச் சொல்லுய்யா. தொரைக்குக் கூலியாளுதான் வேணும். கோமணத்தோட தொட்டியில எறங்கி நிக்கட்டும்."

"தொட்டி காஞ்சி கெடக்குதே மச்சான்... வேலையே இல்ல, இன்னாத்துக்கு எறங்கணும்?"

நியாயமான கேள்வி. நான் என்ன செய்தேன் தெரியுமா? "பேஜார் பண்ணாத மாப்ளே. அப்பால கோட்டோட ஒண்ணு எடுப்பாங்க" என்றேன். அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நானாகச் சொன்னேன்! துரை என்னைப்பற்றி முதலாளியிடம் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுவார் என்ற அற்ப ஆசை! என் கையாலேயே பொத்தான்களைக் கழற்றினேன்.

படம் எடுத்தானதும் துரை கறுப்புத் துணியை மடித்தார். "படம் புடிக்கிற தகடு தீந்துபோச்சு" என்றார் குமாஸ்தா. மாப்பிள்ளை தொட்டியைவிட்டு ஏறி, கோட்டை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பாராமலே நடந்தார். வீட்டில், "எடுத்தாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

பின்னால் துரை அந்தப் படத்தில் ஒரு பிரதியை என் பேருக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். படம் விழவில்லை என்று மாப்பிள்ளையிடமும் தங்கையிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த கோடையில் காய்ச்சல் மாப்பிள்ளையைக் கொண்டுபோயிற்று.

துரையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எங்கள் ஆளை எலும்பும் கோமணமுமாக எந்தெந்தச் சீமையில் யார் யாருக்குக் காட்டுகிறாரோ! ஆனால்... இறக்கியது துரையா? துரைக்குத் தமிழே தெரியாதே!

தங்கை மனம் நோகக்கூடாதென்றுதான் ஒளித்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். நம்பிவிடாதீர்கள்! படத்தின் ஓரத்தில் நானும் விழுந்திருக்கிறேன். வெள்ளை வேட்டி. கையில் அவருடைய கோட்டு. பல் தெரியச் சிரிக்கிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஞானம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, அவரு மூஞ்சி எனக்கு மறந்துகினே வருது. அன்னிக்கு நீ பாத்தியே... கோட்டு போட்டுகினு எப்பிடி நின்னாரு, சொல்லேன்."

சொன்னேன். பொத்தானெல்லாம் போட்டு, மார்பை நிமிர்த்தி, கலெக்டரைப்போல் நின்றார் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபித்தாள். "ஆண்டவரே, அந்தத் தொரையையும் அவரு புள்ளைங்களையும் ஆசீர்வதியும். எம் புருசன ஒரு நாளாவது பெரிய மனுசனா நிக்க வெச்சாரே..."

நான் ஆமென் சொன்னேன்... சத்தமாகவே சொன்னேன்!