கடை பிரிண்டரில் அச்சடித்த வாத்தியம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் கணக்கில் தப்பு என்று யாராவது சொன்னால் அவ்வளவுதான். அந்தத் திமிரோடுதான் போன வருஷம் மடியில் வைத்து மீட்டும் மூன்று தந்தி வாத்தியம் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். டல்சிமர் என்று பேர், ஏதோ வெளிநாட்டு மலை ஜனங்களுடையது. இணையத்தில் கிடைத்த வரைபடத்தைக் கடை பிரிண்டரில் பல தாளாக அச்சடித்து, ஒட்டி, தண்டின் மேல் பரப்பி, கோடு கண்ட இடத்திலெல்லாம் ஸ்வரத்துக்கு ஒன்றாக மெட்டுக் கம்பியை இறக்கினேன். தந்தியின் நீளத்தை மட்டும் தாளில் அளக்கவில்லை. அதற்குத்தான் எண் போட்டிருந்ததே, அதன்படி கட்டினேன்!

என் வீட்டுக்காரர் பாடுவார். எங்கள் ஃபிளாட்டில் ஓணத்துக்கு முதல் பாட்டு எப்போதும் அவருடையது. அவருக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். அந்தத் தடவை அவர்கூட நானும் வாசிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

ஒத்திகையில் மெதுவாகக் கேட்டார். "மேல போகப் போக உன் கம்பில சுருதி தாழுதுல்லா?"

"தாழுறது உங்க தொண்ட. நொட்ட சொல்லாம பாடுங்க."

மறுநாளிலிருந்து குரலும் தந்தியும் ஒன்றாகவே போயின. பார்த்தீங்களா என்று சிரித்தேன்.

ஓணத்தன்று கீழே கைதட்டல் எனக்குத்தான். "சேச்சி தானே உண்டாக்கியதா? அடிபொளி!" என்று மெச்சினார் எங்கள் ஃபிளாட் சங்கச் செயலாளர். பிறகு குரலைத் தாழ்த்தி, "சேட்டனுக்கு மேல எட்டல, அல்லே? வயசாயி" என்றார். நான் தலையாட்டினேன். சே, ஆட்டினேனே!

இந்த வருஷம் முதல் பாட்டை இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "நல்லதுதான்" என்றார் இவர். அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூடப் பாடவில்லை.

போன வாரம் ஒரு மெட்டு கழன்றது. மறுபடி பதிக்க அந்தத் தாளை எடுத்தேன். மூலையில் ஒரு சின்னக் கோடு. இது சரியாகப் பத்து சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பார்க்கவும் என்று எழுதியிருந்தது. அளந்தேன். அரை சென்டிமீட்டர் குறைந்தது. பில்லின் ஓரம் வெட்டுப்படாமல் இருக்க, எதையும் தாளுக்குள் சுருக்கி அடிக்கும்படி அந்த பிரிண்டரை வைத்தவளே நான்தான். தந்தி முழு நீளம், மெட்டுகள் சுருங்கிய நீளம். மேலே போகப் போகச் சுருதி தாழாமல் என்ன செய்யும்?

அவரிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா எதுக்கு நீங்களும் தாழ்த்திப் பாடுனீங்க?"

"நீ மொத தடவ மேடையில இருக்க. நான் சரியாப் பாடுனா உன் வாத்தியம்லா தப்பாத் தெரியும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "இப்பவே செயலாளர்கிட்ட சொல்லுதேன்" என்று செருப்பை மாட்டினேன்.

"வேண்டாம். ரெண்டாம் மாடிக்காரரு ஒத்திகையே ஆரம்பிச்சாச்சு, கேட்டியா."

கீழேயிருந்து பாட்டு வந்தது. இவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உச்சி ஸ்வரம் வந்தபோது கையைத் தூக்கினார்.

"எட்டிட்டாரு பாத்தியா, சுத்தமா!"

சந்தோஷமாகத்தான் சொன்னார். உதடு மட்டும் சத்தமில்லாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தது. செருப்போடு வாசலிலேயே நின்றேன்.