ஆறு கிலோ இரும்பு

உவான் என்றால் தாய்லாந்து மொழியில் குண்டம்மா. குழந்தையில் வைத்த செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. வாய்த்த வேலையோ வண்டிகளை இளைக்க வைப்பது. சமுத்பிரகானில், பிக்கப் வண்டிகளுக்கு அடிச்சட்டம் வடிவமைக்கும் அலுவலகத்தில் பதினாறு வருஷம். கணினியில் இருக்கும் சட்டத்தின்மேல் சுமையை ஏற்றுவாள். எந்த இரும்பு சுமை தாங்காமல் சும்மா கிடக்கிறதோ, அதை மென்பொருள் அரித்து எடுத்துவிடும்.

விதிப்படி சுமை ஒரு டன். உவான் மட்டும் திருட்டுத்தனமாக இரண்டரை டன்னும் ஏற்றிப் பார்ப்பாள். இது தம்பி பிரசேத்துக்கு மட்டும் தெரியும். பிரான்புரியிலிருந்து பாங்காக் சந்தைக்கு அன்னாசி ஓட்டுகிறவன் அவன். ஒரு டன்னோடு எந்த மடையன் கிளம்புவான்?

புது மாடலில் மேலாளர் வீரயுத் கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த ஆறு கிலோ கூடுதல் எதுக்கு, குண்டம்மா?"

"நம்ம ஜனங்க அப்படித்தான் சார் ஏத்துறாங்க."

"ஏத்துறவன் இடுப்பொடிஞ்சு சாகட்டும். ஆறு கிலோ குறைஞ்சா நீதான் பிரிவுத் தலைவி. முடியாதுன்னா சொல்லு, வேற ஆளு இருக்கு."

இரண்டரை டன்னைத் தன் கையாலேயே அழித்தாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சட்டத்தில் வரிசையாக ஓட்டைகள் விழுந்தன. கைதட்டினார்கள், பதவியும் வந்தது.

அந்த வண்டியையே பிரசேத் வாங்கினான்.

"அக்கா, என் அன்னாசிய ஏத்திப் பாத்துட்டியா?"

"ம்" என்றாள். பாவி, ஒற்றை எழுத்துதான். அதிலேயே தம்பியை விற்றுவிட்டாள்.

ஐந்தாம் மாதம், பெட்சபுரி மேம்பாலத்தில் அடிச்சட்டம் மடிந்து வண்டி தடுப்பில் மோதியது. பிரசேத் பிழைக்கவில்லை. விபத்து அறிக்கை எழுதும் வேலை பிரிவுத் தலைவிக்குத்தான் வந்தது. அழித்த சுமையைத் திரும்ப ஏற்றினாள். மடிந்த இடத்திலேயே திரை சிவந்தது. ஆறு கிலோவைத் திருப்பி வைத்துப் பார்த்தாள், சிவப்பு மறைந்துவிட்டது.

'அளவுக்கு மீறிய சுமை. வடிவமைப்பில் குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தகனம் முடிந்ததும் தம்பி மனைவி புவா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, வண்டியில தப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

"அதான் அவரும் சொல்வாரு. இவ்ளோ ஏத்துறீங்களேன்னு நான் பதறுவேன். சிரிப்பாரு. எங்கக்கா எனக்கு முன்னாடியே ஏத்திப் பாத்துட்டாடி, வாய மூடிட்டு ஏறுன்னுவாரு."