பத்தாவது பிள்ளை

கடைசி வளைவில் வேனை ஓரங்கட்டிவிட்டுத் திவாகரன் சப்பாத்துத் துடைக்கிறார். பிள்ளைகள் மூன்று மூன்று பேராக வேனின் வாசல் படியில் உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும். ஈரத்துணியால் ஒரு தடவை, பழைய காலுறையால் இன்னொரு தடவை. லயத்துச் செம்மண்ணோடு உள்ளே போனால் டவுன் இன்டர்நெஷனல் பள்ளிக்கூடத்தில் தண்டம் கட்டச் சொல்வார்கள். "காலாட்டாத டா. இது காலா, ஊஞ்சலா?" என்று அதட்டுவார். அதுவரை மாமா என்று கூப்பிட்ட ஒன்பது பேரும் இந்த வளைவுக்குப் பிறகு அங்கிள் என்றுதான் கூப்பிட வேண்டும். அதுவும் பள்ளிக்கூடத்து உத்தரவு. "டெய்லி இந்த எடத்துல மாமா செத்துப்போயி அங்கிள் பொறக்குறான்" என்று சொல்லிக்கொண்டே கதவை இழுத்துச் சாத்துவார்.

தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய காளிமுத்துவின் மகன் அவர். வயது நாற்பத்திரண்டு. வேன் லீசிங்கில் எடுத்தது. முன் கண்ணாடியில் சாமிப் படம் கிடையாது. கேட்டால், "பிரேக் நல்லா இருக்கு, அது போதும்" என்பார். வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முகர்ந்து பார்க்க ஆளுக்கொரு தேசிக்காய் வைத்திருப்பார். பாதி வழியில் அதைக் கடித்துத் தின்றுவிடுகிற ஒருத்திக்கு மட்டும் இரண்டு.

காலையில் வேனில் முதலில் ஏறுவதும் முதலில் இறங்குவதும் அவர் மகள் மதுஷாதான். தோட்டத்து அரசாங்கப் பள்ளிக்கூட வாசலில் வெள்ளைச் சீருடையோடு அவள் இறங்கிக்கொள்வாள். கழுத்துப்பட்டி கட்டிய ஒன்பது பேர் கண்ணாடி வழியே கை காட்டிவிட்டுப் போவார்கள். திவாகரன் படித்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். இப்போது அதன் அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் அவரே; அங்கே படித்த ஒன்பது பிள்ளைகளை டவுனுக்கு ஏற்றிப் போகிறவரும் அவரே. தோட்டத்தில் யாருக்கும் இதைச் சொல்லிச் சிரிக்காமல் இருக்க முடியாது. "கோயில் தர்மகர்த்தாவே உண்டியலத் தூக்கிட்டு ஓடுறாரு" என்று பக்கத்து லயத்து வடிவம்மா அக்கா முகத்துக்கு நேரே சொல்வாள்.

கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் தொடங்கிய அந்த இன்டர்நெஷனல், தெல்தோட்டை டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் கிளை திறந்து மூன்று வருடமாகிறது. ஒன்பது பிள்ளைகளைச் சேர்க்கும்போது அது பழைய பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம் எதையும் கேட்கவில்லை. அதனால் தோட்டப் பள்ளிக்கூட வரவு இடாப்பில் அவர்களுடைய பெயர்கள் அப்படியே கிடந்தன. ஐம்பத்தொன்பது பெயர், ஐம்பது பிள்ளை. அதிபர் இராமநாதன் கண்டும் காணாமல் இருந்தார். ஐம்பத்தொன்பது என்று கணக்குக் காட்டினால்தான் இங்கிலிஷ் மிஸ்ஸை மாற்றாமல் விட்டுவைப்பார்கள்.

போன வருடம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி தலை எண்ண வருவதாகத் தெரிந்ததும், அதிபர் திவாகரனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மணித்தியாலம் மட்டும் அந்த ஒம்போதையும் கொண்டாந்து காட்டுங்க தம்பி."

திவாகரன் கொண்டுவந்தார். கழுத்துப்பட்டியைக் கழற்றச் சொன்னார், வெள்ளைச் சட்டை இரவல் வாங்கிப் போட்டுவிட்டார், சப்பாத்தைக்கூடத் துடைக்காமல் விட்டார். எல்லா வகுப்பும் ஒன்றாக உட்காரும் மண்டபத்துக்குள் அதிகாரி நுழைந்தார். ஐம்பது பேர் எழுந்து "வணக்கம் சேர்" என்றார்கள். ஒன்பது பேர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "குட் மோனிங் சேர், ஹவ் ஆர் யூ டுடே?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஒன்பது பெயரையும் சிவப்புப் பேனாவால் வெட்டினார். அடுத்த மாதம் இங்கிலிஷ் மிஸ்ஸுக்கு மாற்றம் வந்தது.

ஆசிரியர் மட்டுமல்ல, கடதாசிக்கும் வெண்கட்டிக்கும் வரும் பணமும் தலையை எண்ணித்தான் வருகிறது. ஒன்பது பிள்ளை குறைந்ததால் கூரை ஒழுக்கு ஒன்பது சொட்டுக் குறைந்துவிடவில்லை. மின்கட்டணமும் குறையவில்லை. மிச்சமிருக்கும் ஐம்பது பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள் என்று எந்த அரசாங்கச் சுற்றுநிருபமும் சொல்வதில்லை. ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் பள்ளிக்கூடம் மூடும் பட்டியலில் ஏறும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பள்ளிக்கூடம் ஐந்து மைல் கீழே. பஸ் கிடையாது. திவாகரன் இத்தனையையும் ஒரே வரியில் சொல்வார்: "நா புள்ளய மட்டும் ஏத்தல. ஒம்போது புள்ள ஏறுனிச்சி, கூடவே ஒரு மிஸ்ஸும் ஏறிப் போயிட்டாங்க."

இன்டர்நெஷனல் முதலாளி அவருக்கு ஒரு சலுகை அறிவித்திருந்தார். பத்தாவது பிள்ளையைக் கொண்டுவந்தால் மதுஷாவுக்குக் கட்டணமே இல்லை. மனைவி நிலூஷாவுக்கு அது தூக்கத்திலும் ஞாபகம். "ஒங்களுக்கு ரோசம் பெருசு, புள்ள சின்னது" என்பாள்.

பத்தாவது பிள்ளை போன வெள்ளிக்கிழமை வந்தது. டவுனில் துணிக்கடையில் வேலைக்கு நிற்கும் லயத்து டிலானி, பின்னேரம் அவர் வேன் கழுவும் தண்ணீர்ப் பீலிக்கரைக்கு வந்தாள்.

"அண்ணே, திங்கக்கெழமைல இருந்து எம் மக அகீலாவையும் ஏத்திக்கங்க. அட்மிஷன் கட்டியாச்சி."

திவாகரன் குழாயை மூடினார். "நாப்பத்தொம்போது ஆயிரும் டிலானி."

"அது ஒங்க சங்கத்துக் கணக்கு. எங் கணக்கக் கேளுங்க. மிஸ் போயி எட்டு மாசம். அதிபரு மூணு வகுப்ப ஒண்ணா ஒக்கார வச்சி தொண்ட கிழியக் கத்துறாரு. எம் புள்ள அங்க என்னாத்தப் படிக்கும்?"

"மிஸ் ஏன் போனாங்க, யோசிச்சியா?"

"யோசிச்சேன். நீங்க ஏத்துன ஒம்போதாலதான் போனாங்க. அந்த ஒம்போது பேர ஏத்துறப்ப எங்க போயிருந்திச்சி இந்த ஞாயம்? எம் புள்ளன்னதும்தான் வருதா?"

அவள் சொன்னதில் பிழை ஏதாவது உண்டா என்று தேடுபவர் போலத் திவாகரன் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஏத்தாட்டி என்னா, திரீவீல் புடிச்சி அனுப்புவேன். மூணு மடங்கு காசு போகும், போகட்டும்" என்றாள் டிலானி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒங்க மகளுக்கும் சும்மாவே கெடைக்குமாமே. நிலூஷா அக்கா சொன்னாங்க. யாருக்குண்ணே நட்டம்?" திறந்திருந்த வேனுக்குள் கையை நீட்டிக் காட்டினாள். "அந்தா, பின்னுக்கு ஜன்னலோரம் ஒரு சீட் சும்மாதானே கெடக்கு."

திவாகரன் அந்த சீட்டைப் பார்த்தார். பிறகு வேனின் பின்பக்கம் போய்க் கதவைத் தூக்கினார். உள்ளே கிடந்த மாற்று டயர்ச் சில்லை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, குனிந்து உள்ளே ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்தார். சீட் பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டினார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தார்.