பால்கனி பார்க்க வந்தவர்களும் பாய் கேட்டவர்களும்

பேராதனைப் பூங்காவுக்கு எப்போது போனாலும், வாசல் நெருங்கும்போதே என் மனைவி செல்வி என் கையைக் கிள்ளிவிடுவாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அங்கே டிக்கெட் கொடுக்க இரண்டு சன்னல்கள். ஒன்று உள்ளூர்க்காரர்களுக்கு, மற்றது வெளிநாட்டவர்களுக்கு. முகத்தைப் பார்த்தால் நான் கண்டி ஆள். வாயைத் திறந்தால் நீலகிரி. குடியிருப்பு விசா இருப்பதால் உள்ளூர்ச் சன்னலில் எனக்கும் இடமுண்டுதான். ஆனால் அதை நிரூபிக்க பாஸ்போர்ட் நகலை எடுத்து, விரித்து, விளக்கி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். "நீங்க வெளக்கி முடிக்கிறதுக்குள்ள உள்ள பூத்ததெல்லாம் காயாயிரும்" என்பாள் செல்வி. ஆகவே ஊமையாக நிற்பேன். பேசாமல் இருந்தால் காய்ச்சல் வருகிற உடம்பு எனக்கு. அந்த இரண்டு நிமிஷம் பெரிய விரதம்.

கோத்தகிரியில் இருக்கிற என் சொந்தங்களான உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே நாம் 'சிலோன்காரங்க' அல்லவா. புசல்லாவைத் தோட்டத்திலிருந்து சின்னப் பையனாகக் கப்பலேறி வந்த அப்பா, நீலகிரித் தேயிலைக்குள் வாழ்நாளைக் கழித்தும் கடைசிவரை சிலோன்காரராகவே இருந்தார். நான் ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் இடையே டூரிஸ்ட் வேன் ஓட்டிய சிலோன்காரர் மகன். கப்பலேறாமல் இங்கேயே தங்கிவிட்ட சொந்தத்தில் பெண் எடுத்து, வீட்டோடு மாப்பிள்ளையாகக் கண்டிக்கு வந்தேன். வந்த மறுநாளே எங்கள் வீட்டுப் பக்கத்து அம்பிட்டியச் சந்தியில் நான் 'இந்தியாக்காரர்' ஆகிவிட்டேன்.

செல்வி ஹோட்டல் வேலை படித்தவள். அவளும் அவள் அம்மாவான என் அத்தையும் மாடியில் மூன்று அறைகளை வெளிநாட்டு விருந்தினருக்கு விடுகிறார்கள். ஓர் அறைக்கு இரண்டு பேர், வெள்ளை விரிப்பு, அதன் நடுவே துவாயை மடித்துச் செய்த அன்னம். அன்னத்தின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தாலும் செல்வி மறுபடி மடிப்பாள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சொத்து ஒன்றே ஒன்று, 'பாயிண்ட்'. நம் பக்கத்து வேன்காரர்களுக்குச் சுற்றுலா என்றால் பாயிண்ட்தான். காலை ஆறு மணிக்கு வண்டி எடுத்தால் பொழுது சாய்வதற்குள் எட்டு பாயிண்ட். இறங்கு, பார், போட்டோ எடு, ஏறு.

முதன்முதலில் வந்த ஒல்லாந்துத் தம்பதியிடம் இதையே சொன்னேன். "எய்ட் பாயிண்ட் சார், மார்னிங் சிக்ஸ்!" அவர்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டு, பால்கனிக் கதிரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார்கள். காலை போனது, மத்தியானம் போனது, அசையவே இல்லை. காசு செலவழித்து இவ்வளவு தூரம் பறந்து வந்தவர்கள் சும்மா உட்காருவார்களா? உடம்புக்கு முடியவில்லை என்று முடிவு செய்து அத்தையிடம் சொன்னேன். அத்தை கொத்தமல்லி அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரசித்துக் குடித்தார்கள். அடுத்த நாளும் அதே கதிரை, அதே புத்தகம், "அந்த டீ கிடைக்குமா?" என்று கேள்வி வேறு. அவர்கள் பார்க்க வந்த பாயிண்ட்டே எங்கள் பால்கனிதான் என்று எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று.

அப்புறம் மழை வந்தது. இந்தத் தொழில் இருக்கிறதே, அது பெரிய விசித்திரம். புசல்லாவைப் பக்கம் ஒரு மண்மேடு சரிந்து ரோட்டில் உட்காருகிறது. எங்கோ குளிர்நாட்டில் காப்பி குடித்துக்கொண்டிருப்பவர் அதைப் போனில் பார்த்துவிட்டு விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். இங்கே எங்கள் அறை காலி. சம்பந்தமில்லாத இரண்டு நாடுகள் சண்டை பிடித்தால் விமானம் சுற்றிப் போகிறது, டிக்கெட் விலை ஏறுகிறது, அத்தை வாங்கும் முட்டை குறைகிறது. நம் ஊட்டியிலோ கூட்டம் தாங்காமல் இ-பாஸ் கேட்கிறார்கள். அதே தேயிலை, அதே பனி. அங்கே வருகிறவர்களை எண்ணி உள்ளே விடுகிறார்கள். இங்கே நாங்கள் வாசலில் நின்று ரோட்டைப் பார்க்கிறோம்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் செல்வி சொன்னாள், மாலைதீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை வருகிறதாம்.

"ரெண்டு வருஷந்தாங்க."

"அப்ப நான்?"

"நீங்க அம்மாவப் பாத்துக்கங்க."

"யாரு, யாரப் பாத்துக்கிறது?" என்று குசினி அடுப்படியிலிருந்து அத்தையின் குரல்.

சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் யோசித்தேன். பெண்டாட்டிக்காகக் கடல் தாண்டி வந்தவன் நான். அவள் இன்னொரு கடல் தாண்டிவிட்டால் இந்த ஊரில் நான் யார்? வாயைத் திறக்காதே என்று கிள்ளக்கூட ஆளில்லை.

போனில் முகம் பார்த்துப் பேச மாலைதீவுக்காரர்கள் நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம், கடுகண்ணாவையிலிருந்து வேன் ஓட்டும் ஃபாரூக் நானா, நம் பேச்சில் ஃபாரூக் அண்ணன், போனில் கூப்பிட்டார். "மச்சான், ஓங்கட ஊட்ல எடம் ஈக்கா? இந்தியாவிலேந்து பதினாலு பொம்பளையள். நுவரெலியாவுக்கு ஏத்திட்டுப் போனன், ரோட்டு உடைஞ்சி பொலிஸ் திருப்பி அனுப்பிட்டாங்க. ஹோட்டல்ல ஏழு ரூம் எண்டு சொல்றாங்க. இவங்க பிரிஞ்சி படுக்க மாட்டாங்களாம்!"

செல்வி விரலை மடக்கினாள். "ரூமுக்கு ரெண்டு பேரு, மூணு ரூமுக்கு ஆறு. மிச்ச எட்டுப் பேர அலுமாரிக்குள்ளயா வைக்கிறது?" அவள் கணக்கை முடிப்பதற்குள் வேன் வாசலுக்கு வந்துவிட்டது.

சங்கரன்கோவில் பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழு. எல்லாருக்கும் ஒரே நிறச் சேலை. தலைவி சண்முகத்தாய் முதலில் இறங்கி, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ரூமு எதுக்குத் தாயி? ரூமுல சாமானப் பூட்டுவோம், ஹால்ல நாங்க படுப்போம். பாய் இருக்கா?"

மழையில் நனைந்து வந்தவர்களில் ஒருத்தி நேரே மாடியேறி, அன்னத்தின் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துத் தலையைத் துவட்டினாள்.

"ஐயோ, கழுத்தத் திருகிட்டீங்களே!" என்று பதறினாள் செல்வி.

"நல்லாத்தான் மடிச்சிருக்க. ஆனா தலையில தண்ணி சொட்டுதுல்ல? கோவிக்காத, எனக்குச் சொல்லிக் குடு, நானே மடிச்சுத் தாரேன்."

பொழுது சாயும்போது ஹாலில் ஆறேழு பேர் துவாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மடித்தது அன்னமா ஆமையா என்று பெரிய வழக்கு. ஊருக்குப் போய்க் கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டில் இதை வைத்தால் எவ்வளவு எடுபடும் என்று சண்முகத்தாய் அதற்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். வழக்குக்குத் தீர்ப்புச் சொன்ன செல்வி அப்படிச் சிரித்து நான் பார்த்து மாசக்கணக்காகிறது.

காலையில் மேசைமேல் வழக்கம்போலப் பாண், ஜாம், பழத்தட்டு. பதினாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்கள்ல யாருக்கும் காய்ச்சல் இல்லையே தாயி" என்றாள் சண்முகத்தாய். எனக்கு ஒல்லாந்துக்காரர்களின் கொத்தமல்லி ஞாபகம் வந்து சிரிப்பு தாங்கவில்லை. நம் ஊரில் பாண், அதாவது பிரெட், நோயாளிச் சாப்பாடு என்று செல்விக்கு எப்படித் தெரியும்? நல்லவேளை, சம்பலுக்கென்று இறக்கிய தேங்காயும், வீட்டுக்கு அரைத்த தோசைமாவும் இருந்தன. நாலு பேர் குசினிக்குள் புகுந்தார்கள். அத்தை ஊற்றிய தோசையைக் கண்டிச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவியபடி ஒருத்தி கேட்டாள்:

"இன்னிக்கு எத்தன பாயிண்ட்டு?"

என் காதில் தேன் பாய்ந்தது.

ஆனால் அன்று காலைதான் மாலைதீவு. "நீங்க இவங்களக் கூட்டிட்டுப் போங்க" என்று செல்வி நல்ல சேலையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். ஃபாரூக் நானாவின் வேனில் நான் வழக்கம்போல வாய் ஓயாமல் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். மனசு வீட்டில், அந்தப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

முதல் பாயிண்ட், பூங்கா. வெளிநாட்டவர் சன்னலில் சண்முகத்தாய் நின்றாள். நான் எண்ணிச் சொல்வதற்கு முன்பே அவள் பதினைந்து டிக்கெட் வாங்கிவிட்டாள். "பதினாலு பேர்தானே?" என்றேன். "நீரும் நம்ம ஊருக்காரருதானே, வாரும்" என்று ஒன்றை என் கையில் திணித்தாள்.

அப்போது பின்னாலிருந்து யாரோ கையைக் கிள்ளினார்கள்.

செல்வி. பஸ்ஸில் வந்திருக்கிறாள். நல்ல சேலை இல்லை, காலையில் கட்டியிருந்த அதே சேலை, முழங்கையில் காய்ந்த தோசைமாவு. "பேசலையா?" என்றேன்.

"பேசினேன். இப்ப வர ஏலாது, வீட்டுல ஆள் நெறைய இருக்குன்னு சொன்னேன். சண்முகத்தாயம்மாவோட ஊர்ல இன்னும் ரெண்டு குழு பொறப்படப் போகுதாம். அவங்களுக்கு யாரு தோசை ஊத்துறது? ரூமுக்கு ரெண்டு பேருங்கிற கணக்கையும் மாத்தணும். கடைக்குப் போய்ப் பத்துப் பாய் வாங்கணும்." சொல்லிக்கொண்டே என் இன்னொரு கையில் ஒரு டிக்கெட்டை வைத்தாள். கைப்பையிலிருந்த என் பாஸ்போர்ட் நகலைக் காட்டி, உள்ளூர்ச் சன்னலில் எங்கள் இருவருக்கும் வாங்கியிருக்கிறாள். "இன்னைக்கு நீங்க வாயத் தொறக்கலாம்" என்றாள்.

ஒரு கையில் வெளிநாட்டவர் டிக்கெட், இன்னொரு கையில் உள்ளூர் டிக்கெட். 

பதினாலு பேரும் உள்ளே போனார்கள், செல்வியும் போனாள். கடைசியாக நான் இரண்டு கையையும் நீட்டினேன். வாசற்காரர் இந்த டிக்கெட்டைப் பார்த்தார், அந்த டிக்கெட்டைப் பார்த்தார், மற்ற ஆள் எங்கே என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.