என் அக்கா தொட்ட மெயின் போர்டு

என் அக்கா பஞ்சவர்ணம் சுவிட்சைத் தொட மாட்டாள். கீழப்பழுவூரில் அவள் தெருவில் யாரிடம் வழி கேட்டாலும், முதலில் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஐம்பதைத் தாண்டியவள். ஒற்றையாளாகக் கொல்லைக்குப் போய் மக்காச்சோளம் ஒடித்து வருவாள். வாசலில் சாரைப்பாம்பு கிடந்தால் விளக்குமாற்றால் ஒதுக்கிவிட்டுச் சாணி தெளிப்பாள். ஆனால் ஃபேன் போட வேண்டுமென்றால் மட்டும் அவள் வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி மாமா வரும்வரை வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாமா வர நேரமானால் மோர் கடையும் மத்தைத் தலைகீழாகப் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மரக்காம்பால் சுவிட்சைத் தட்டுவாள். பாதி நேரம் சுவரில்தான் அடி விழும்.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில், ஓர் ஐப்பசி மழையில், அக்கா எங்கள் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். கரண்ட் கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைப் பசு உரசியது. உரசிய இடத்திலேயே விழுந்தது. அதன் கயிறு நனைந்துபோய் அக்காவின் கையில் இருந்தது. அவளைத் தூக்கி எறிந்தது மாதிரி சேற்றில் போய் விழுந்தாள். பல் கிட்டிப்போய்க் கிடந்தவளைப் பார்த்து, பின்னால் வந்துகொண்டிருந்த நான் அலறினேன். எப்படியோ பிழைத்துக்கொண்டாள். எனக்கு அது பழங்கதை ஆகிவிட்டது. அவளுக்கு ஆகவே இல்லை.

அவள் மகள் சிந்து ஓசூரில் வேலை பார்க்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது இரண்டு பை நிறைய அட்டைப்பெட்டிகளோடு இறங்கினாள். "சித்தி, இனிமே அம்மா எந்த சுவிட்சையும் தொட வேணாம். வாயால சொன்னாப் போதும்" என்றாள். அரியலூரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. இந்த வேடிக்கையைப் பார்ப்பதற்காகவே கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

கூடத்து அலமாரியில் உருண்டையாக ஒரு பெட்டியை வைத்தாள். அது பெண்குரலில் பேசியது. சிந்து சொல்லிக்கொடுத்தபடி அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹால் லைட் ஆன்" என்றாள். சொல்லிவிட்டு, "கொஞ்சம் போடும்மா" என்று மரியாதைக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். லைட் எரிந்தது. அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ வருஷமாகத் தன்னை மிரட்டிக்கொண்டிருந்த ஆளை ஒரு வார்த்தையில் வேலை வாங்கிய முகம் அது. அன்றைக்கு லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தாள். மத்து சமையலறைக்குத் திரும்பிப் போனது.

அதோடு விட்டிருக்கலாம். சிந்து விடவில்லை. தண்ணீர் மோட்டாருக்கும் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தாள். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் தரைக்கு அடியில் ஒரு சம்ப். பஞ்சாயத்துத் தண்ணீர் அதில் நிரம்பும். அதற்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும். இனிமேல் மாடித்தொட்டி காலியானால் மோட்டார் தானே ஓடும், நிறைந்தால் தானே நிற்கும். வேண்டுமானால் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு சிந்துவும் போனில் அதை நிறுத்தலாம். மாட்டிய ஆள் ஒயரைப் புதுப்பெட்டி வழியாக மாற்றிவிட்டதால், சுவரில் இருந்த பழைய சுவிட்ச் வெறும் அலங்காரம் ஆகிவிட்டது. இதையும் அவன் சொல்லித்தான் போனான். மாமா தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி.

அக்காவுக்கு அன்றிலிருந்து புதுப் பயம். கரண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம், மாடித்தொட்டி குறைந்திருந்தால், பின்கட்டில் மோட்டார் யாரும் சொல்லாமலே உறும ஆரம்பித்துவிடும். அவள் கையிலிருக்கும் பாத்திரம் கீழே விழும். உடனே எனக்குப் போன் வரும்.

"அனுசுயா, அது தானா ஓடுதுடி."

"தானா ஓடத்தானக்கா அத மாட்டியிருக்கு."

"முன்னல்லாம் நாம தொடலன்னா அது பாட்டுக்குக் கெடக்கும். இப்ப சும்மா இருக்க மாட்டேங்குதே."

நான் சிரித்தேன். மாமா சிரித்தார். சிந்து ஓசூரிலிருந்து சிரித்தாள். வசதியாக இருந்த எங்களுக்கெல்லாம் மோட்டார் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பதே மறந்துவிட்டது. அக்கா ஒருத்திதான் ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் கரண்டை நிறுத்தி, சாயங்காலம் விடுவார்கள். வேலை சீக்கிரம் முடிந்தால் சீக்கிரமும் வந்துவிடும். ஃபேன் துடைப்பது, பல்பு மாற்றுவது, மோட்டாரைத் தூக்கிப் பார்ப்பது என்று கரண்ட் சம்பந்தப்பட்ட வேலைகளையெல்லாம் அந்த நாளுக்கென்று ஒதுக்கி வைப்போம். கரண்டுதான் இல்லையே, அப்புறம் எதற்கு மெயின் போர்டில் ஃபியூஸ் கம்பி மாட்டிய பீஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. மாமாவும் அப்படித்தான். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சம்ப்பின் சுவரிலும் மோட்டாரிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். கரண்ட் நிற்கும் நாளில் உள்ளே இறங்கிச் சுரண்டுவார். எத்தனையோ வருஷமாக இறங்குகிறார், ஒன்றும் ஆனதில்லை. அப்போதெல்லாம் அணைத்த சுவிட்ச் அணைத்தபடியே கிடந்தது.

போன ஆனி மாசம் அப்படி இறங்கினார். சட்டையையும் போனையும் கொடியில் போட்டுவிட்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று மோட்டாரைத் தூக்கிப் பிடித்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். அதன் ஒயரில் இரண்டு இடத்தில் டேப் சுற்றியிருக்கும். சுவரைக் கழுவுவதற்கு மாடித்தொட்டியிலிருந்து ஒரு ஓஸ் பைப்பை உள்ளே விட்டிருந்தார்.

அக்கா சமையலறையில் கை கழுவப் போனாள். குழாயைத் திறந்தாள். காற்றுதான் புஸ்ஸென்று வந்தது.

மாடித்தொட்டி காலி. தொட்டி காலியாக இருக்கும்போது கரண்ட் வந்தால் என்ன நடக்கும் என்று அந்த வீட்டில் அவளை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? பின்கட்டுக்கு ஓடினாள்.

"ஏங்க, மேல ஏறி வாங்க! மாடித்தொட்டி காலியாயிட்டு. கரண்ட் வந்தா மோட்டார் ஓடும்."

"கரண்டு சாயங்காலந்தான் வரும். போயி டீ போடு."

"பீஸ் கட்டையப் புடுங்கிட்டாவது எறங்குங்க."

"எத்தன வருசமா எறங்குறேன், எப்பப் புடுங்குனேன்? சுவிட்ச் ஆஃப்லதான் கெடக்கு. உனக்கு எப்பவும் இதே பொழப்பு வர்ணம். முட்டி வலியோட ஒருதரம் ஏறுனா மறுபடி எறங்க முடியாது."

சொல்லிவிட்டு உள்ளே சுரண்ட ஆரம்பித்தார். அவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது. மின்னல் வெட்டினாலே அவரைக் கொல்லையிலிருந்து கூப்பிடுகிறவள் ஆயிற்றே.

அக்கா சிந்துவுக்குப் போன் போட்டாள். சிந்து பதறிப்போய்த் தன் போனைத் தட்டிப் பார்த்தாள். "ஆஃப்லைன்னு காட்டுதும்மா. கரண்ட் வந்தாத்தான் நான் சொல்றது அதுக்குக் கேக்கும். அப்பாவ மேல ஏத்து, சீக்கிரம்" என்று கத்தினாள். கரண்ட் வந்த பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்? அக்கா போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

அரியலூரிலும் அன்றைக்குக் கரண்ட் இல்லை. கடை வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வழக்கம்போலச் சிரிக்க வாயெடுத்தவள், ஓஸ் பைப் என்றதும் நிறுத்திக்கொண்டேன்.

"எதுத்த வூட்டு ரத்தினம்மாளக் கூப்புடுக்கா."

"நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்கடி. தெருவுலயே ஆளு இல்ல."

"அப்ப நீதான் புடுங்கணும்."

அவளை நடக்கச் சொன்னேன். வாசல் பக்கச் சுவரில் மீட்டருக்குக் கீழே மெயின் போர்டு. மெயினை அணைக்கும் கைப்பிடி என்றைக்கோ உடைந்துவிட்டது. வெள்ளைப் பீங்கானில் பீஸ் கட்டை ஒன்றுதான் வழி. செருப்பைப் போடச் சொன்னேன். மணைப்பலகையை இழுத்துப்போட்டு அதன் மேல் நிற்கச் சொன்னேன். ஈரக்கையைத் துடைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள்.

முதலில் மத்தை எடுத்து வந்திருக்கிறாள். தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. சுவிட்சைத் தட்டலாம், பீஸ் கட்டையைத் தட்டிக் கழற்ற முடியாது. பிடித்து இழுத்தால்தான் வரும்.

"அனுசுயா, நான் கை வெக்கிறப்ப கரண்ட் வந்துட்டா?"

இதற்கு நான் என்ன சொல்ல? பீங்கானை மட்டும் பிடித்தால் ஒன்றும் செய்யாது என்று தெரியும். ஆனால் அவள் விரல் நடுங்கி வேறெங்கேயாவது பட்டுவிட்டால்? இழு என்று சொல்லி அவளுக்கு ஏதாவது ஆனால் என் வாயால் அக்காவை அனுப்பியவள் ஆவேன். வேண்டாம் என்றால் உள்ளே மாமா. என் ஆயுசில் அவ்வளவு பயந்ததில்லை. சேற்றில் பல் கிட்டிக் கிடந்த அந்த முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

"ஒண்ணும் ஆவாதுக்கா. கண்ணத் தொறந்து, வெள்ளைய மட்டும் புடிச்சி இழு" என்றேன். என் குரலே எனக்கு யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள் போலிருக்கிறது. சேலை உரசும் சத்தம். "செட்டிகுளத்து முருகா, முருகா" என்று முனகல். பிறகு மணைப்பலகை ஆடும் சத்தம். டக்கென்று ஏதோ ஒன்று.

அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

"அக்கா?"

பதில் இல்லை. "அக்கா! அக்கா!" என்று நான் தெருவில் நின்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. திடீரென்று போனுக்குள் பெரிய சத்தத்தோடு பாட்டும் விளம்பரமும் வெடித்தது. ரத்தினம்மாள் அணைக்காமல் பூட்டிவிட்டுப் போன டிவி. கரண்ட் வந்துவிட்டது. இங்கே என் கடைக்குள்ளும் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கையில இருக்குடி" என்றாள் அக்கா.

நான் அழுதேன். அவள் போனை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். சுரண்டும் சத்தம் நின்றிருந்தது. டிவி சத்தம் சம்ப்புக்குள்ளும் கேட்டிருக்கும். மாமாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"வர்ணம்... கரண்ட் வந்துட்டா?"

"எதுத்த வூட்டுல வந்துட்டு."

"நம்ம வூட்டுல?"

"வராதுங்க. கட்ட என் கையில இருக்கு."

நீயா புடுங்குனே என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் சளசளக்கும் சத்தம்தான் கேட்டது. முட்டி வலிக்காரர் எப்படித்தான் அவ்வளவு வேகமாக ஏறினாரோ.

சாயங்காலம் நான் போனபோது, இரண்டு பேரும் பின்கட்டுப் படியில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் வலது கை இன்னும் மூடியபடியே இருந்தது. அவள் வெகுநேரமாக அந்தக் கட்டையை விடவில்லையாம். வாங்கப் பார்த்த மாமாவுக்குக் கொடுக்கவில்லையாம். நான் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் அதன் அச்சு பதிந்திருந்தது. மறுநாளே வந்து மோட்டாருக்கு ஒயர் மாற்றும்படி மாமா ஆளிடம் சொல்லியிருந்தார். ஓசூரிலிருந்து சிந்து பஸ் ஏறிவிட்டாள்.

"குடு வர்ணம், போட்டுர்றேன். இருட்டுது" என்றார் மாமா.

"நீங்க தள்ளி நில்லுங்க. நானே போடுறேன்."

"உனக்குத்தான் பயமாச்சே."

"பயமாத்தான் இருக்கு" என்றாள்.

முதலில் சம்ப்பின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "உள்ள யாரும் இல்லல்ல?" என்று கேட்டாள். அந்த வீட்டில் இருந்ததே நாங்கள் மூன்று பேர்தான், மூன்று பேரும் வெளியேதான் நின்றோம். இருந்தாலும் இல்லை என்று நானும் மாமாவும் சொன்னோம். வாசலுக்குப் போனோம். அவள் மணைப்பலகை மேல் ஏறினாள், மறுபடி இறங்கிவந்து எங்கள் இருவரையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள், மறுபடி ஏறினாள். கட்டையைப் பொருத்தி அழுத்தினாள்.

பின்கட்டில் மோட்டார் யாரும் சொல்லாமலே உறுமியது. இந்தத் தடவை மூன்று பேருமே துள்ளினோம். மாமாதான் முதலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.