எட்டு மில்லி குண்டு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஆட்டோவில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்போது டிரைவர், “ரோடா சார் இது? பூராம் குண்டும் குழியும்” என்றார். பாதி வழிக்குள் ஏழு தடவை சொன்னார்.

குண்டான ஆளுக்கு உடம்பு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சாலையில் குண்டு என்றால் உள்ளே போயிருக்கும். ஒரே சொல் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேலை பார்ப்பதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். “நீங்க எங்க சார் எறங்கணும்?” என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லால் எட்டு பிஸ்டன்களைக் கெடுத்தவன் நான்தான், அவர் இல்லை.

பல வருடங்களுக்கு முன்னால் ராஜபாளையத்தில் காதர் பாயின் எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்தேன். லாரி, டிராக்டர், பம்புசெட் எஞ்சின்கள் வரும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுவோம். கடைவது பாய். அளப்பதும், எழுதி வைப்பதும், பிஸ்டன் கேட்டுக் கடிதம் போடுவதும் நான். மண்ணெண்ணெயும் வெந்த ஆயிலும் கலந்த வாசனை சட்டையோடு வீட்டுக்கு வரும், சோப்புக்கு அடங்காது. என் கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். பெருமைப்பட வேறொன்றும் இல்லாததால் கடிதங்களை நீளமாகவே எழுதுவேன்.

முரளி மில்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், உற்சாகம் வந்தால் இரண்டும். அவர்கள் ஷெட்டில் தாத்தா வாங்கிய அமெரிக்கக் கார் ஒன்று பல வருடமாக நின்றது. எட்டு சிலிண்டர். அதில் ஒரு சிலிண்டருக்குள் பதினெட்டு மொபெட் எஞ்சின்களின் கொள்ளளவு அடங்கும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் படித்து முடித்த முரளி, சட்டை துணிமணிகளைக் குறைத்துக்கொண்டு ஒரு சூப்பர்சார்ஜரைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்று போதாதென்று, மேலே உட்கார்ந்து காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி அது. ஓடினால் விசில் அடிக்கும்.

அவருடைய அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மூன்று மாதத்துக்குள் தன்னை உட்காரவைத்து அய்யனார் கோவில் மலையடிவரை போய், கொதிக்காமல், நிற்காமல் திரும்பினால் கார் இருக்கலாம். இல்லாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுவார். மதுரைப் பழைய இரும்புக்காரரிடம் பேசியும் வைத்திருந்தார். முரளிக்கு அந்தக் காரின் பின்சீட்டில் தாத்தா மடியில் தூங்கிய ஞாபகம் உண்டு. அப்பாவுக்கு அது ஷெட்டை அடைத்துக்கொண்டிருக்கும் சாமான்.

பிஸ்டன் விஷயமாக முரளி பட்டறைக்குப் போன் செய்தார். பின்னால் கடைசல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, எழுதிக்கோங்க. தல மட்டமா இருக்கக்கூடாது. குண்ட வேணும். எட்டு மில்லி குண்ட. மறந்துறாதீக!”

கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு நான் எழுதினேன்: ‘பிஸ்டன்களின் மேற்புறம் எட்டு மில்லிமீட்டர் குண்டாக இருக்க வேண்டும்.’ எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை.

ஐந்து வாரம் கழித்துப் பெட்டி வந்தது. எட்டு பிஸ்டன்கள், ஒவ்வொன்றின் தலையிலும் அழகாக ஒரு புடைப்பு. காதர் பாய் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏலே, இத யாரு கேட்டா?”

“முரளி சார்தான் பாய். குண்டு வேணும்னாரு.”

“குண்டா? குண்டன்னாரா?”

“குண்டன்னுதான் சொன்னாரு.”

“தெலுங்குல அது பள்ளம்லே! குழி!”

முப்பது வருடம் தெலுங்கு பேசுகிறவர்கள் நடுவில் தொழில் செய்தவர் பாய். நானும் அதே தெருவில்தான் இருந்தேன். அவர்கள் பேசும்போது நான் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“புடைச்சிருந்தா என்ன பாய்? அழுத்தம் கூடுனா நல்லதுதான?” என்றேன்.

“மம்சாபுரம் பஸ்ல போயிருக்கியாலே? படி வரைக்கும் ஆளத் திணிச்சாச்சு. அதுதான் காத்தத் திணிக்குத அந்தப் புளோயர் செய்யுத வேல. பொறவு நீ தளத்தையும் எட்டு மில்லி ஒசத்துத. என்னாகும்?”

“நெரியும்.”

“இங்க வெடிக்கும். பிஸ்டன் ஓட்டையாப் போகும். அதனாலதான் அவரு குழி கேட்டாரு. இடம் விடச் சொன்னாரு.”

மறுபடி செய்து வாங்க நாள் இல்லை. முரளியின் அப்பா வைத்த கெடுவுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. புடைப்பைக் கடைந்து எடுத்துவிடலாம் என்றார் பாய். குழி போட முடியாது. தலையின் கனத்தை நான் அளந்தேன். தோண்டினால் மிஞ்சுவது போதாது. ஆக, மட்டமான தலை. மட்டத் தலைக்கு அவ்வளவு காற்றைத் திணிக்கக் கூடாது என்பதால், சூப்பர்சார்ஜரைச் சுற்றும் பெல்ட்டுக்குப் பெரிய சக்கரம் மாட்டி அதன் வேகத்தைக் குறைத்தார்.

“எம்புட்டு ஊதும் பாய்?”

“நீ டீய ஊதி ஆத்துவியே, அம்புட்டு. விசிலு வரும். முரளிட்ட கார் போய்ட்டு வந்த பொறவு சொல்லிக்கிடலாம்.”

கடைந்த எட்டும் ஒரே எடையில் இருக்க வேண்டும். பட்டறைத் தராசில் நம்பிக்கை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த பால்கோவாக் கடையில் கிராம் சுத்தமாகக் காட்டும் தராசு இருந்தது. கடைக்காரர் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் அடியில் எண்ணெய்த்தாள் விரித்தார். தாளின் எடையையும் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு அம்மா வரிசையில் நின்று பார்த்துவிட்டு, “இது என்ன பலகாரம்?” என்று கேட்டார்.

கார் போய் வந்தது. பின்சீட்டில் அப்பா, முன்னால் ஓட்டிக்கொண்டு முரளி, பக்கத்தில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நான். பாய் பின்னால் மொபெட்டில் தண்ணீர்க் கேனோடு வந்தார். முள் ஒருமுறைகூடச் சிவப்பைத் தொடவில்லை. மலையடியில் இறங்கிய அப்பா பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். “இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அவ்வளவுதான். முரளி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பிறகு சூப்பர்சார்ஜரின் மேல் கையை வைத்து என்னிடம் கேட்டார்:

“இது இல்லாட்டி இப்படி வந்திருக்குமாண்ணே?”

நான் காதர் பாயைப் பார்த்தேன். பாய் மலையருவிப் பக்கம் பார்த்தார்.

“வந்திருக்காது சார்” என்றேன்.

சொல்லிக்கொள்ளலாம் என்ற நாள் வரவேயில்லை. பதினாறு வருடம் அந்த விசில் ஊருக்குள் போனது. முரளி ஒவ்வொரு விருந்தாளிக்கும் பானெட்டைத் திறந்து காட்டினார். பாய் இறந்துபோனார். முரளியின் அப்பாவும் போனார். மில் கைமாறி, முரளி பெங்களூருக்குக் குடிபோக முடிவானபோது காரை வாங்க ஒருவர் அமைந்தார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் விவரப் பட்டியல் எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

எஞ்சின், எட்டு சிலிண்டர். டயர், நான்கும் புதிது. சூப்பர்சார்ஜர் என்று எழுதி, எதிரே ‘உண்டு’ என்று போட்டேன்.

முரளி எட்டிப் பார்த்தார். “வேலை செய்யுதுன்னு போடுங்கண்ணே.”

பேனா நின்றது. பிறகு, ‘சுற்றுகிறது’ என்று எழுதினேன்.

அவர் அந்தச் சொல்லைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

“எப்பருந்து?”

“மொதல்லருந்தே சார். நான் பிஸ்டன தப்பா எழுதிட்டேன்.”

“அப்ப அன்னைக்கு அப்பாவ மலைக்குக் கூட்டிட்டுப் போனது?”

“வெறும் எஞ்சினு சார். அதுவே போதுமா இருந்துச்சு.”

முரளி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். “தாத்தா காலத்து எஞ்சினுதான!” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பட்டியலை வாங்கி, ‘சுற்றுகிறது’ என்பதைத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை ஓட்டி ஏற்றியபோது விசில் கேட்டது. ராஜபாளையத்தில் கடைசியாக அப்போதுதான்.