கிரேன் அக்காவும் கிளம்பாத கப்பல்களும்

எங்கள் கட்டட வேலையில் கிரேன் அக்காவின் முகத்தைச் சரியாகப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். குரலைக் கேட்காதவர்கள் ஒருவரும் இல்லை. காலையில் நாங்கள் ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்பே ஏணியில் ஏறிவிடுவார். சாயங்காலம் நாங்கள் கைகால் கழுவிக் கிளம்பிய பிறகுதான் இறங்குவார். அறுபது மீட்டர் உயரம், ஏறி முடிக்க இருபது நிமிடம். நடுவில் இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே என்று மத்தியானச் சாப்பாடும் மேலேயேதான். தண்ணீரைக்கூட வாய் நனைகிற அளவுக்குத்தான் குடிப்பார். இதெல்லாம் அவர் பின்னால் என்னிடம் சொன்னவை. கூட வேலை பார்த்த காலத்தில் எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பதினேழு வயதில் சித்தாளாகச் செங்கல் சுமந்து வந்தவர். பன்னிரண்டு வருடம் தலையில் சுமந்த பிறகு, 'இனிமே இரும்பு சுமக்கட்டும்' என்று கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒற்றை அறை. அந்த அறையில் ஒரு நாற்காலிதான். வேறு ஊரில் அண்ணன் குடும்பம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடமிருந்து போன் வரும். சாப்டியா, சாப்டேன், பசங்க எப்படி, நல்லா இருக்காங்க. நாலு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். மற்றபடி மனிதர்களோடு அவர் பேசியதெல்லாம் கேபினில் இருந்த வாக்கி-டாக்கியில்தான், எங்கள் வாயில் வாக்கி. அது இல்லையென்றால் வாரக்கணக்கில் தன் குரலே தனக்கு மறந்துபோயிருக்கும் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேபினில் நான்கு பக்கமும் கண்ணாடி, காலடியிலும் கண்ணாடி. ஒரு இருக்கை, இரண்டு லீவர், காற்றின் வேகம் காட்டும் மீட்டர். கீழே நின்று 'தூக்கு, இறக்கு, நிறுத்து' என்று சொல்கிறவரைக் கைகாட்டி என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு தூக்குக்கும் முன்னால் கைகாட்டி "காத்து எவ்ளோ?" என்று கேட்க வேண்டும், அக்கா எண்ணைச் சொல்ல வேண்டும். எங்கள் தளத்தில் அதுதான் பழக்கம். மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் ஷட்டரிங் பலகையைத் தொடக் கூடாது. சுவர் வார்க்கிற பலகை ஒரு லாரி அகலம் இருக்கும். காற்று பிடித்தால் பாய்மரம்தான்.

காற்று அதிகமான நாட்களில் வேலை நின்றுவிடும். அப்படி ஒரு நாளில்தான் கைகாட்டி வாக்கியில் கேட்டார்.

"மேல தனியா என்னக்கா பண்ற?"

"படிக்கிறேன்."

"என்ன, ஜாதகமா?"

"கிரேக்கக்காரங்க போர்க்கதை. பழைய பேப்பர் கடையில எடுத்தேன். அட்டையே இல்ல, நடுவுல பத்துப் பக்கமும் இல்ல."

"இல்லாத பக்கத்தைத் தள்ளிட்டு இருக்கிறதைச் சொல்லு."

அன்றைக்குத் தொடங்கியது. சேனலில் அக்காவுடையது போக மொத்தம் பதினோரு வாக்கிகள். நான் லெவல் பார்க்கிற வேலையில் இருந்ததால் என்னிடமும் ஒன்று. கம்பி கட்டுபவர்களின் மேஸ்திரியிடம் ஒன்று, கொத்தனாரிடம் ஒன்று. காற்று எழுந்தால் எல்லோரும் கிடைத்த நிழலில் உட்கார்ந்து காதில் வைத்துக்கொள்வோம். வாக்கி இல்லாதவர்கள் இருக்கிறவர்களைச் சுற்றி உட்காருவார்கள். தன் பரிசைத் தலைவன் பிடுங்கிக்கொண்டான் என்று கோபித்துக்கொண்டு ஒரு பெரிய வீரன் போருக்கே போகாமல் கூடாரத்தில் உட்கார்ந்த கதையை அக்கா சொன்னபோது, கொத்தனாருக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"சரியாத்தான் செஞ்சான். நான் பூசுன சுவரைக் காட்டி மேஸ்திரி பேரு வாங்குனா நானும் கரண்டியைக் கீழ வெச்சிருவேன்."

"நீ கரண்டியை எப்பய்யா மேல எடுத்த?" என்றார் கம்பி மேஸ்திரி.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு இருக்கிற ஆளுங்க நீங்க. உங்களுக்கு அவன் கோவம் புரியாது."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

ஒரு திங்கட்கிழமை காற்று நாற்பத்து நான்கு. அன்றைக்குச் சொன்ன கதையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆயிரம் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது. போருக்குப் போக வேண்டும், ஆனால் காற்று இல்லை. படை பசியில் முணுமுணுக்கிறது. தலைவனின் மூத்த பெண்ணைப் பலி கொடுத்தால்தான் காற்று எழும் என்று குறி சொல்கிறான் ஒருவன். தலைவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை படையிலேயே பெரிய வீரன், உடனே கிளம்பி வா என்று. பெண் அலங்காரம் செய்துகொண்டு வருகிறாள்.

அவளைப் பலி கொடுத்ததும் காற்று எழுகிறது, கப்பல்கள் கிளம்புகின்றன.

"ஆயிரம் கப்பல்," என்றார் கம்பி மேஸ்திரி. "அவ்ளோ பேரை நிறுத்தி வெச்சா தலைவன்னு எவன் மதிப்பான்? தலைமைன்னா அப்படித்தான்கா. மனசைக் கல்லாக்கிக்கணும்."

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்யா. பெத்தவனுக்கு எப்படி வரும்?" என்றார் கொத்தனார்.

கைகாட்டிதான் கேட்டார். "பலியை விடுங்க. கல்யாணம்னு சொல்லிக் கூப்பிட்டான் பாருங்க, அதான் எனக்கு ஆறல. போர் உனக்கு வேணும், போய்ச் செத்துத் தொலை. அந்தப் பொண்ணுக்குப் பிடிச்ச மாப்பிள்ளை பேரைச் சொல்லி ஏண்டா ஏமாத்துற?"

"அங்க நின்ன ஆயிரம் பேர்ல ஒருத்தன்கூட வாயைத் திறக்கலியாக்கா?" என்று நான் கேட்டேன்.

"எல்லாரும் தலையைக் குனிஞ்சிட்டு தரையைப் பாத்துட்டு நின்னாங்கன்னு போட்டிருக்கு."

"நான் இருந்திருந்தா கத்தியிருப்பேன்," என்றார் கொத்தனார். ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல்கள். கம்பி மேஸ்திரிகூட, கொஞ்சம் பொறுத்து, "பொண்ணுகிட்ட நேர்ல சொல்லியிருக்கணும்தான்" என்று இறங்கி வந்தார். அக்காவுக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். இறங்கிப் போய் அந்த அறையில் தனியாகச் சாப்பிடும்போதும் எங்கள் பேச்சு காதில் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

வியாழக்கிழமை மறுபடி காற்று. அன்றைக்கு மேற்குச் சுவர் வார்க்க வேண்டும். கான்கிரீட் லாரிகள் கலவையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றன. ஒரு பலகை மட்டும் பாக்கி. எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இன்னிக்கே'. எந்த வேலையைக் கேட்டாலும் இன்னிக்கே முடியணும் என்பார். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருத்தர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அவர் வேகமாக நடந்து கைகாட்டியிடம் போனதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வாக்கியில் கைகாட்டியின் குரல்.

"அக்கா. ஒரே ஒரு தூக்கு. கீழ காத்தே இல்லக்கா. எனக்காக."

காத்து எவ்ளோ என்று அவர் கேட்கவில்லை. எனக்காக என்று அதற்கு முன்னால் ஒரு நாளும் சொன்னதில்லை.

மேலே கொக்கி அசையவில்லை. "காத்து நாப்பத்தாறு," என்றார் அக்கா. "தூக்க மாட்டேன்."

வாக்கி கைமாறிய சத்தம் கேட்டது. பிறகு மேனேஜர் பேசினார். "பயமா இருந்தா இறங்கி வாங்கம்மா. வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"வேற ஆள் வந்தாலும் மீட்டர் இதைத்தான் சார் காட்டும்." ஒரு மூச்சு விட்டார். "இதைக் கேட்டுட்டு இருக்கறவங்க யாராவது பேசுங்க."

வாக்கியில் பேச பட்டனை அழுத்த வேண்டும், கேட்க விட வேண்டும். அக்கா விட்டுவிட்டார். பதினோரு வாக்கிகள் திறந்து கிடந்தன. கம்பி மேஸ்திரி எனக்கு நேர் எதிரில் நின்றார், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு. கொத்தனார் சிமெண்ட் மூட்டையை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டார். என் கட்டைவிரல் பட்டன் மேலேதான் இருந்தது. அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். நொண்டிக் காரணம்.

யாரும் பேசவில்லை. அக்கா தூக்கவும் இல்லை.

கான்கிரீட் லாரிகள் திரும்பிப் போயின. நாற்பது நிமிடம் கழித்து அக்காவின் குரல் வந்தது. "காத்து இருபத்தெட்டு. பலகையைக் கட்டுங்க." பலகை அலுங்காமல் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்து மேனேஜர், "பாத்தீங்களா, ஒண்ணுமே ஆகியிருக்காது" என்றார். அவர் சொன்னதைத் தவறு என்று நிரூபிக்க யாராலும் முடியாது. எதுவும் விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. நடக்காத விபத்துக்கு எதைச் சாட்சியாகக் காட்டுவது? மறுநாள் அலுவலகக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: வாக்கியில் வேலை தொடர்பான பேச்சு மட்டுமே.

அடுத்த வாரம் காற்று வந்தது. எல்லோரும் உட்கார்ந்தோம். பழக்கதோஷத்தில் வாக்கியைக் காதில் வைத்தோம். ரொம்ப நேரம் பொறுத்துவிட்டு கம்பி மேஸ்திரி மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அந்த ராஜா போருக்குப் போய்ட்டு ஊருக்குத் திரும்பினானா?"

"சேனல்ல வேலைப் பேச்சு மட்டும்," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு எண்கள்தான். முப்பத்திரண்டு. முப்பது. நாற்பத்தொன்று, நிறுத்துங்க. அந்த எண்களைக் கேட்கும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்ப்பேன். மேலே ஒரு மனுஷி முழுநாளும் உட்கார்ந்திருக்கிறார், தன் வாயால் எண்களை மட்டும் சொல்லிக்கொண்டு.

பன்னிரண்டு நாள் பொறுத்தார் கைகாட்டி. அவருக்கு இரண்டாவது மாடியிலேயே தலை சுற்றும், அதனால்தான் தரையில் நிற்கிற வேலையைக் கேட்டு வாங்கினார். காற்று அடித்து வேலை நின்றிருந்த ஒரு மத்தியானம், வாக்கியை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு கிரேன் ஏணியில் கால் வைத்தார். ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து, கண்ணை மூடித் திறந்து, ஏறினார். அரை மணிக்கும் மேல் ஆயிற்று. மேலே நடந்ததை அவரே பின்னால் எங்களிடம் சொன்னார். கேபினுக்குக் கீழே இருந்த மூடியைத் தட்டினார். அக்கா திறந்தார்.

"யாருடா நீ?"

"நான்தான்கா. கைகாட்டி."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றரை வருடமாகத் தெரிந்த குரல். "நீ குண்டா இருப்பேன்னு நெனச்சேன்."

"ஏறுறதுக்கு முன்னாடி அப்படித்தான்கா இருந்தேன்."

அக்கா சிரிக்கவில்லை. கைகாட்டி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார். "அன்னிக்கு மேனேஜர் என் பக்கத்துல நின்னார்க்கா. நீ கேட்டா அந்தம்மா தூக்கும், எனக்காகன்னு சொல்லுன்னார்."

"தெரியும். உன் குரலே இல்ல அது."

"தெரிஞ்சுமா இத்தனை நாளா பேச மாட்டேங்கற?"

"நீ கேட்டதை அன்னிக்கே விட்டுட்டேன். பிள்ளைகுட்டிக்காரன், பயந்துட்டான்னு நெனச்சுக்கிட்டேன்." மீட்டரைப் பார்த்தார், பழக்கத்தில். "யாராவது பேசுங்கன்னு சொல்லிட்டு பட்டன்லேர்ந்து கையை எடுத்தேன்ல. அப்புறம் ரொம்ப நேரம் கையை வைக்கவே இல்ல. நான் அழுத்துனா உங்க குரல் எனக்குக் கேக்காதேன்னு. மொத்தம் பதினோரு பேர். அந்தக் கதையில ஆயிரம் பேரும் தரையைப் பாத்துட்டு நின்னாங்கன்னு படிச்சப்ப, இது சும்மா கதைக்காகச் சொல்றதுன்னுதான் நெனச்சேன்."

கைகாட்டி கம்பியை விடாமல், வாயைத் துடைப்பதுபோல் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இறங்கு," என்றார் அக்கா. "கீழ பாக்காத. கையைப் பாத்துட்டே இறங்கு."

அவர் இறங்கத் தொடங்கியபோதுதான் காற்றும் இறங்கியது. கீழே மேனேஜர் வாக்கியை எடுத்தார். "காத்து எவ்ளோ?"

"முப்பத்தொண்ணு. ஆனா தூக்க முடியாது சார். ஏணியில ஆள் இருக்கு."

"யாரு? எவ்ளோ நேரம்?"

"அவன் இறங்குற வரைக்கும்."

ஆள் ஏணியில் இருக்கும்போது கிரேனை அசைக்கக் கூடாது. அது மேனேஜருக்கும் தெரியும். ஆனாலும் நாற்பது பேர் கை கட்டி நிற்பதைப் பார்த்து அவர் மறுபடி பட்டனை அழுத்தப் போனார். அதற்குள் கம்பி மேஸ்திரியின் குரல் வந்தது. "நாங்க வெயிட் பண்றோம்கா." அடுத்து கொத்தனார். "மெதுவா வரட்டும், அவசரம் ஒண்ணுமில்ல." நானும் அழுத்தினேன். நானும் நிக்கறேன்கா என்று சொன்னேன். 

மஞ்சள் ஹெல்மெட் ஒவ்வொரு தட்டாக இறங்கி வருவதை நாற்பது பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசிப் படியிலிருந்து கால் தரையில் பட்டதும் கைகாட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆள் இறங்கிட்டான்," என்றது வாக்கி. "காத்து இருபத்தொம்பது. கட்டுங்க."